வடக்கே போகிற காணிக்கையும் ஆனி ஆடி அடுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் கருங்கல் ஊரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சபைகள் மாதம் தவறாமல் ஜார்கண்டுக்கும் ஒடிசாவுக்கும் மிஷனெரிக் காணிக்கை அனுப்புகின்றன. உள்ளூரில் மருந்துக்குக் காசில்லாமல் படுத்துக் கிடப்பவரை எட்டிப் பார்க்க ஆளில்லை. வடக்கே அனுப்புவதை நிறுத்திவிட்டு இங்கே செலவழித்தால் என்ன என்று கேட்டிருந்தார். உள்ளூர் நோயாளியைப் பற்றி அவர் சொன்னது உண்மை. அதை மறுக்க நான் எழுதவில்லை. வடக்கே போகிற பணம்தான் அதற்குக் காரணம் என்கிறாரே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

நான் திருவட்டாறு பக்கத்தில் ஒரு சின்ன சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் பெண்கள் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். அதற்கு முன்பு அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். அரிசியை அளப்பதும் அதை நோட்டில் எழுதுவதுமே என் வேலையாக இருந்திருக்கிறது. வேதசாஸ்திரம் பேச எனக்குத் தெரியாது. நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன்.

வடக்கே போகிற காணிக்கை எங்கள் சபையில் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பாதிக்குமேல் பிடி அரிசியிலிருந்து வருகிறது. உங்கள் வாசகர்களில் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உலை வைக்க அரிசி அளந்து எடுத்ததும், கழுவுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனி டின்னில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு அந்த டின் ஆலயத்துக்கு வரும். நம் பக்கத்துச் சபைகளிலும் நெல்லைப் பக்கத்திலும் எத்தனையோ தலைமுறையாக நடக்கிற வழக்கம் இது. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்களும் நூறு வருடத்துக்கு மேலாக இதையே செய்கிறார்கள். அந்த அரிசிப் பணத்தில்தான் அந்தச் சின்ன மாநிலம் வெளியே இத்தனை ஊழியர்களை அனுப்பி வைத்திருக்கிறது. இங்கே எங்கள் சங்கத்திலும் இந்தப் பணம் கட்டடக் கணக்கில் சேராது, சம்பளக் கணக்கில் சேராது. மிஷனெரி ஊழியத்துக்கு என்றே தனி நோட்டு.

எழுதும்போது இது அழகாக இருக்கிறது. சாக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு டின்னில் பொன்னி, ஒரு டின்னில் சிவப்புச் சம்பா, ஒரு டின்னில் பச்சரிசி, பல டின்களில் ரேஷன் அரிசி. எல்லாம் ஒன்றாகக் கொட்டினால் எந்தக் கடைக்காரர் வாங்குவார்? பொன்னி குழையும்போது சம்பா விறைப்பாக நிற்கும். அதில் சோறு வைக்க முடியாது. கோழித் தீவனத்துக்குக் கேட்டு வருகிறவர் சொல்கிற விலைதான் விலை. 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். அதை விற்பது குற்றம். களியக்காவிளையில் ரேஷன் அரிசி கடத்தல் பிடிபட்டது என்று உங்கள் பத்திரிகையே அடிக்கடி செய்தி போடுகிறது. பெண்கள் சங்கமும் அந்தப் பட்டியலில் சேர வேண்டாம் என்று நான்தான் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மறு மாதத்திலிருந்து ரேஷன் அரிசி சமைக்கிற வீட்டார், பிடிக்குப் பதிலாக டின்னில் சில்லறை போடுவது என்று முடிவாயிற்று. கடை அரிசி வாங்குகிறவர்கள் அரிசியாகவே கொண்டுவருவார்கள். பொன்னிக்கு ஒரு சாக்கு, சம்பாவுக்கு ஒரு சாக்கு. இப்போது ஓரளவு நல்ல விலை கிடைக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், கருங்கல் அன்பர் நினைப்பதுபோல் அது சபையின் கஜானாவிலிருந்து மொத்தமாக எடுத்து அனுப்புகிற பணம் இல்லை. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், நாள் முழுக்கக் குத்தவைத்து அண்டி உடைத்துவிட்டு வருகிறவள், இன்னார் வேலைக்கு என்று சொல்லிப் போட்ட பணம். அதை நிறுத்தினால் அந்தப் பணம் உள்ளூர் நோயாளிக்குப் போய்ச் சேராது. டின்னே வராது, அவ்வளவுதான்.

இன்னொன்று. வெளியூர்க்காரர் காசு அனுப்பாமலிருந்தால் நம் ஊர் எப்படி இருந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். 1806-ல் மயிலாடிக்கு வந்த மிஷனெரி ரிங்கல்தௌபேக்குச் சம்பளம் அனுப்பியது லண்டன் மிஷனெரி சங்கம். மனிதர் கையில் வந்ததை அக்கம்பக்கத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, பத்து வருடம் கழித்து உடுத்த ஒரு நல்ல கோட்டுகூட இல்லாமல் ஊரை விட்டுப் போனார் என்று சொல்வார்கள். நாகர்கோவிலில் மிஷனெரி மால்ட் அம்மையார் பெண் பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னலும் சொல்லிக் கொடுத்தார். 1838-ல் டாக்டர் ராம்சே நெய்யூரில் மருத்துவ வேலையைத் தொடங்கினார். அதற்கெல்லாம் கடல் கடந்து காணிக்கை வந்தது. அங்கே அப்போது ஏழைகள் இல்லையா? லண்டன் சேரிகளைக் காலரா திரும்பத் திரும்ப வாரிக்கொண்டு போன காலம் அது. நெய்யூரில் வேலை தொடங்கி ஏழெட்டு வருடத்தில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு வயல்களிலேயே அழுகி, பத்து லட்சம் பேர்வரை பஞ்சத்தில் செத்தார்கள். கருங்கல் அன்பர் கேட்ட கேள்வியை அன்று ஒருவர் லண்டன் பத்திரிகையில் கேட்டு, சபைகளும் சரி என்று தலையாட்டியிருந்தால் நெய்யூர் ஆஸ்பத்திரி இல்லை. 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த டாக்டர் சாமர்வெல், திரும்புகிற வழியில் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்து, நெய்யூரில் காத்துக் கிடந்த கூட்டத்தைக் கண்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார் என்பதும் நடந்திராது. வயிற்றுப் புண்ணுக்கு அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்ட தாத்தா பாட்டி கதை நம் மாவட்டத்தில் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வடக்கே அனுப்பாதே என்றும் சொன்னால் எப்படி?

வெள்ளைக்காரர் செய்தார் என்பதோடு இது நிற்கவும் இல்லை. 1903-லேயே பாளையங்கோட்டையில் நம்மவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய அசரியா 1912-ல் அந்த ஊருக்கே பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். தென்கோடி ஊர்களின் பிடி அரிசிக்கு அதில் பங்கு உண்டு.

போன வருடம் விடுமுறையில் வந்த ஒரு தங்கச்சி எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்தாள். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், நர்ஸ். ஜார்கண்டில் ராஜமகால் மலையில் மால்டோ மக்கள் நடுவில் வேலை செய்கிறாள். அந்த மால்டோ மொழி நம் தமிழுக்குத் தூரத்துச் சொந்தமாம். ஆனால் காதில் விழுந்தால் ஒரு சொல்கூடப் புரியாது என்றாள். காலா அசார் என்கிற கறுப்புக் காய்ச்சலைப் பற்றிச் சொன்னாள். மண்சுவர் விரிசலில் ஒளிந்திருக்கிற மணல் ஈ கடித்து வருகிற நோய். கையும் காலும் குச்சியாகிவிடும், மண்ணீரல் பெருத்து வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். மந்திரவாதியிடம் போய்ப் பல நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். மலையிலிருந்து கட்டிலில் கட்டித் தூக்கி இறக்க வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டு, உனக்கு என்ன வாங்கித் தரட்டும் என்று கேட்டோம். காசு கேட்பாள் என்று நினைத்தோம். கருவாடும், கருப்பட்டியும், கொஞ்சம் நேந்திரம் சிப்ஸும் கேட்டாள். கருவாட்டை எத்தனை பாலிதீன் சுற்றினாலும் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். நாங்கள் அனுப்புகிற பணம் எங்கே போகிறது என்று இனி என்னிடம் யாரும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

சரி, உள்ளூர் விஷயத்துக்கு வருகிறேன். அன்பரின் கேள்வியில் நான் ஒப்புக்கொள்கிற பாதி இதுதான்.

நம் மாவட்டத்துச் சபைகள் கொடுக்கிற கை உள்ளவை. 2004 சுனாமியின்போது, கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிறு, கேட்க ஆள் வருவதற்கு முன்பே உள்நாட்டு ஊர்களிலிருந்து சோற்றுப் பொட்டலம் கடற்கரைக்குப் போயிற்று. 2017 ஓக்கிப் புயலிலும் அப்படித்தான். குறை கொடுப்பதில் இல்லை. எப்போது கொடுக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

எப்போது என்பதைப் பாருங்கள். எல்லோரும் டிசம்பரில் கொடுக்கிறோம். சபை கொடுக்கும், வாலிபர் சங்கம் கொடுக்கும், வளைகுடாவிலிருந்து வந்தவர் தனியாகக் கொடுப்பார். எங்கள் ஊர் ஆச்சி ஒருவருக்கு ஒரே கிறிஸ்மஸில் மூன்று கம்பளி கிடைத்தது. நம்ம ஊர்க் குளிருக்கு மூன்று கம்பளி! ஜனவரியில் ஒன்றை விற்றுத்தான் அவர் இருமல் மருந்து வாங்கினார்.

பசிக்கு நம் ஊரில் மாதம் உண்டு. அது டிசம்பர் இல்லை, ஆனியும் ஆடியும். மழை பிடித்துவிட்டால் ரப்பர் வெட்டு நிற்கும். பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு வராது, மரத்தோடு பரவி வழிந்து மண்ணுக்குப் போகும். பெரிய தோட்டங்களில் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டி வெட்டுவார்கள். அம்பது நூறு மரம் வைத்திருக்கிறவர் கட்டமாட்டார். வெட்டு இல்லாத நாளில் பால்வெட்டுகிறவருக்குக் கூலி இல்லை. மேற்குக் கடற்கரையில் அதே சமயம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதே ஜூனில் பள்ளிக்கூடமும் திறக்கும். ஃபீஸ், செருப்பு, பை, குடை. மூன்றும் ஒன்றாக வந்து விழுகிற மாதத்தில் எந்தச் சபையிலும் நலத்திட்ட விழா நடந்து நான் பார்த்ததில்லை.

சத்துணவில் இருந்தபோது எனக்கு இது நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை மத்தியானம் சோறு அதிகம் ஓடும். சனி, ஞாயிறு வீட்டில் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பது திங்கட்கிழமை தட்டில் தெரிந்துவிடும். மழைக்காலத் திங்களில் அண்டாவைச் சுரண்டித்தான் ஆயாவுக்குச் சோறு மிஞ்சும். கிறிஸ்மஸ் லீவுக்கு முந்தின வாரம் இரண்டு மூன்று தட்டுச் சோறு மிஞ்சிக் கிடக்கும். கணக்குப் புத்தகத்தில் இதை எழுத இடம் கிடையாது. வந்த பிள்ளைகள் இத்தனை, அரிசி இத்தனை கிலோ என்பதோடு சரி. ஆனால் கரண்டி பிடித்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

எங்கள் சங்கத்தில் இப்போது உள்ளூர்ப் பங்கைக் கிறிஸ்மஸிலிருந்து பிரித்துவிட்டோம். பெரிய தொகை இல்லை. ஆனி, ஆடியில் சில வீடுகளுக்கு அரிசி, பருப்பு, தேங்காய் எண்ணெய். வருடம் முழுக்க நோயாளிகளுக்கு வண்டிச் செலவு. இந்த வண்டிச் செலவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் சிகிச்சைக்குப் போய் வருவது இலவசம் இல்லை. ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யப் போகிறவர் வாரத்தில் இரண்டு மூன்று தடவை போக வேண்டும், திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத் தெம்பு இருக்காது, ஆட்டோ வேண்டும். புற்றுநோய்க்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பது களியக்காவிளையோடு முடிந்தது. அந்தப் பக்கம் கேரளா பஸ்ஸில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். கூடப் போகிறவருக்கும் ஒரு டிக்கெட், ஒரு நேரச் சோறு, அவருடைய ஒரு நாள் கூலி நஷ்டம். மருந்து வாங்கக் காசில்லாமல் சிகிச்சையை நிறுத்தியவரைவிட, போக வரக் காசில்லாமல் நிறுத்தியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பணத்தைக் கல்யாணப் பத்திரிகை வந்த பழைய கவரில் வைத்துக் கொடுக்கிறோம். மஞ்சள் தடவிய மூலையைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டு, திருப்பி ஒட்டுவோம். சிக்கனத்துக்காகத் தொடங்கியது. அப்புறம்தான் அதில் ஒரு வசதி தெரிந்தது. இரண்டு பெண்கள் கவரோடு ஒரு வீட்டுக்குப் போனால், அக்கம்பக்கத்தார் கல்யாணம் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாங்குகிறவர் முகம் வாடவேண்டிய அவசியம் இல்லை.

கவருக்குள் சுவிசேஷத் துண்டுப்பிரதி வைப்பதா வேண்டாமா என்று சங்கத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. நாங்கள் கொடுக்கிற வீடுகளில் பாதிக்குமேல் இந்து வீடுகள், சில முஸ்லிம் வீடுகள். சுவிசேஷம் இல்லாமல் கொடுத்தால் அதற்குச் சபை எதற்கு, பஞ்சாயத்தே கொடுக்கலாமே என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். மிஷனெரியைத் தாங்குகிறோம், அது சுவிசேஷ வேலை, அதை ஒளிக்கவும் இல்லை. ஆனால் படுத்துக் கிடக்கிறவர் கையில் பணத்தோடு சேர்த்து எதைக் கொடுத்தாலும் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் நீட்டுகிற தாளுக்கு என்ன மரியாதை இருக்கிறது? வைக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. அந்த மூத்தவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை, கவர் கொண்டுபோக வாடகை இல்லாமல் ஆட்டோ விடுவதும் அவர் மகன்தான்.

இந்த விஷயத்தில் கத்தோலிக்கர்களின் வின்சென்ட் தே பவுல் சபையைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 1833-ல் பாரிசில் ஓசானாம் என்கிற கல்லூரி மாணவர் தன் கூட்டாளிகளோடு தொடங்கியது. வீட்டுக்கு நேரில் போய்ப் பார்ப்பதுதான் அவர்களின் அடிப்படை. கோட்டாறு மறைமாவட்டத்துப் பங்குக் கோயில்களில் எத்தனையோ இடத்தில் இருக்கிறார்கள்; அவர்கள் மேடை போட்டுக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வடக்கே போகிற காணிக்கையை நிறுத்தச் சொல்கிறவர்கள், சபையின் வருடக் கணக்கைக் கையில் எடுத்து இன்னொரு பக்கத்தையும் பார்க்கட்டும். பந்தல், சீரியல் லைட், ஒலிபெருக்கி, முப்பது வருடம்கூட ஆகாத ஆலயத்தை இடித்துப் பக்கத்து ஊரைவிட உயரமாகக் கட்டுகிற கட்டட நிதி. உள்ளூர் நோயாளியின் பங்கு எங்கே போயிற்று என்று தேடினால் அந்தப் பக்கத்தில்தான் கிடைக்கும். என் சொந்தக் கருத்து இது. எங்கள் சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிக்கு இதில் சம்மந்தமில்லை.

கடைசியாக, உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். நலத்திட்ட உதவி வழங்கிய படம் என்று வாரம் இரண்டு மூன்று போடுகிறீர்கள். போன டிசம்பரில் ஒரு தையல் மிஷினைப் பதினொரு கை பிடித்திருந்த படம் வந்திருந்தது. வாங்கிய பெண் ஓரத்தில் பாதி முகத்தோடு நின்றாள். பக்கத்து ஊரில் ஒரு பிள்ளை, பத்தாம் வகுப்பு, நோட்டுப் புத்தகம் வாங்க வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டது. முந்தின வருடம் அவள் படம் பத்திரிகையில் வந்து, வகுப்பில் யாரோ அதைக் கத்தரித்துக் கரும்பலகையில் ஒட்டிவிட்டார்களாம். கொடுத்தவர் பெயரை வேண்டுமானால் போடுங்கள், அவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர் முகத்தைப் போடாதீர்கள். படம் வராது என்று தெரிந்தால் சிலர் கொடுக்காமல் போவார்கள் என்று உங்கள் நிருபர் ஒருவர் என்னிடம் சொன்னார். போகட்டும். மூன்றாவது கம்பளி குறையும்.

கருங்கல் அன்பர் தன் கடிதத்தில் குறிப்பிட்ட நோயாளி யார் என்று எனக்குத் தெரியாது. அவர் விலாசத்தை உங்கள் அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், பத்திரிகையில் வேண்டாம். அந்தப் பக்கத்துச் சபைப் பெண்கள் சங்கத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதக் கவர் இன்னும் ஒட்டவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.